மூன்று பத்திக்கும் ஒன்றாம் நம்பர்

காரைக்காலில் உள்ள என் டிடிபி கடைக்கு வரும் வேலைகளில் நான் மனதார வெறுப்பது திருவிழா நோட்டீஸ். கல்யாணப் பத்திரிகை என்றால் இரண்டு வீட்டார்தான் கோபித்துக்கொள்வார்கள். இதில் ஊரே கோபித்துக்கொள்ளும். அதிலும் அன்று வந்தது நிரவிப் பக்கம் என் மாமனார் ஊர் நோட்டீஸ். மாமனார்தான் கோயில் தர்மகர்த்தா.

அந்த ஊரில் மூன்று வகையறா. நோட்டீஸில் யார் பெயருக்கு ஒன்றாம் நம்பர் விழுகிறதோ, அவர் தலைக்குத்தான் முதல் பரிவட்டம். பரிவட்டம் என்பது ஒரு முழத் துணி. அதற்கு நடந்த சண்டையில் போன வருஷம் தேர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளைகளை இன்ஜினியராக்கிய பெரிய மனிதர்கள் எல்லாம் அந்த ஒரு முழத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இந்த வருஷமும் தேர் நின்றால் மாமனாரின் பதவி காலி. அப்படியிருந்தும் அவர் எழுதிக் கொடுத்த வரிசையில் முதல் பன்னிரண்டு பேரும் அவருடைய வகையறாதான்.

முப்பத்தாறு பெயர், வகையறாவுக்கு ஒன்றாக மூன்று பத்தி. பத்திக்கு ஒரு பெட்டி வரைந்து, பெயர்களை ஒட்டி, தானாக எண் போடும் பொத்தானைத் தட்டினேன். படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு ரசித்தபோதுதான் கண்ணில் பட்டது. பதின்மூன்று வரவேண்டிய இடத்தில் ஒன்று. இருபத்தைந்து வரவேண்டிய இடத்திலும் ஒன்று.

படத்தை அழிக்கப் போன மேதாவி, பதற்றத்தில் 'எனக்கு மட்டும் அழி' என்பதைத் தட்டித் தொலைத்தேன். இப்போது அந்தப் படம் என்னைத் தவிர ஊர் முழுவதுக்கும் தெரியும்.

இந்த மென்பொருள் இருக்கிறதே, எழுத்துக்கு நிழல் போடும், தங்க முலாம் பூசும். பன்னிரண்டுக்கு அப்புறம் பதின்மூன்று என்று மட்டும் அதற்குத் தெரியாது. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தால்தான் எண் தொடருமாம். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருக்கும் நான் அதை ஒரு வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இணைத்து, சேமித்து நிமிர்ந்தால், வாசலில் மாமனார் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார். சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்தேன்.

"கீழ என்ன தேடுறீங்க மாப்ள?"

"மரியாதை மாமா. இங்கதான் எங்கயோ விழுந்துச்சு."

"அது கெடக்கட்டும். நம்ம குரூப்புல மொத தடவையா எல்லாரும் கட்டைவிரல தூக்கிப் போட்டிருக்காங்க. மூணு வகையறாவுக்கும் ஒண்ணாம் நம்பரு! எப்படித்தான் தோணுச்சோ உங்களுக்கு. அதையே அடிச்சிடுங்க."

"அப்ப மொத பரிவட்டம் யாருக்கு?"

"இன்னும் ரெண்டு குருக்கள வரச் சொல்லிட்டேன். மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கட்டிடுவாங்க."

"மாமா, அது தப்பா வந்தது. சரியானது இதோ, இப்பதான்..."

"சரியானத யாரு கேட்டா?"

பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தேன். இரண்டாம் பத்தியின் தலையில் ஒன்று என்று அடித்தேன். பதின்மூன்று நகரவில்லை, பக்கத்தில் ஒரு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அழித்தேன், அடித்தேன். நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது.

"கேக்காதப்ப தானா தப்பா வந்துச்சு. இப்ப கேட்டா வரமாட்டேங்குதா?" என்றார் மாமனார்.

கடைசியில் இணைப்பை அறுத்து, பெயர்களை மறுபடி தனித்தனியாக ஒட்டினேன். மூன்று பெட்டிகளும், ஒன்றையொன்று முகம் பார்க்காமல், ஆளுக்கொரு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றன. ஊர் தேர் இழுக்கப் போகிறது, என் தலையும் தப்பியது என்று மூச்சு விட்டேன்.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார்.

"நடுப் பத்தி ஒரு நூல் ஒசரமா நிக்குது மாப்ள. அது அவனுவோ பத்தி. எறக்குங்க."