துரை உட்கார்ந்த நாற்காலி

பதுளையில் பழைய மரச்சாமான் கடையைத் தாண்டும்போது வார்னிஷ் வாசனை அடித்தது. உள்ளே அதே மாதிரி நாற்காலி.

என் சிறுவயதில், சீமைக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது, கங்காணியான அப்பா இப்படியொன்றை எடுத்துவந்தார். இருக்கைப் பலகையைத் தூக்கினால் வட்டமாக ஒரு ஓட்டை. வெற்றிலைத் தட்டு வைக்கத்தான் என்று அம்மா முடிவுகட்டினாள்.

அக்காவைப் பெண் பார்க்கப் பசறையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பாவை அதில்தான் உட்காரவைத்தோம்.

"தொரை மாதிரில்ல இருக்கு," என்று சாய்ந்துகொண்டார்.

"ஆமாங்க. தொரையும் தெனம் காலையில எந்திரிச்சதும் இதுலதான் உக்காருவாரு," என்றார் விசேஷத்துக்கு வந்திருந்த துரை பங்களா சமையல்காரர்.

சம்பந்தம் அப்போதே முடிவானது. சீரோடு நாற்காலியையும் கேட்டார்கள்.

"குடுத்துருங்கம்மா," என்று சமையல்காரர் அம்மாவின் காதோரம் சொன்னார். "கீழ வைக்கிற சட்டிதான் ஏலத்துக்கு வரல."

கடை வாசலில் நின்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "உக்காந்து பாருங்கம்மா," என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. எனக்குக் காலையிலயே ஆயிருச்சு."