ரோட் டேக்ஸ் முடிந்த காரில்
இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஒரு நாள் காலை, மலேசியாவின் கிள்ளான் நகரில் அவசரமாகக் காரைத் திருப்பியபோது ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். விழுந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். முழங்கையில் ரத்தம் வழிந்தது.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிடலாம்க்கா," என்றார்.

அப்போதுதான் ரோட் டேக்ஸ் நினைவுக்கு வந்தது. முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது, இன்சூரன்சும் சேர்த்து. அபராதம், கோர்ட், காரையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன்.

"போலீஸ் வந்தா மொதல்ல உங்க வேலை பெர்மிட்டத்தான் பார்ப்பாங்க லா. உங்களுக்குத்தான் பிரச்னை, தம்பி."

அவர் முகம் வெளிறியது. "வேணாம்க்கா. உங்களுக்கு அடி ஒன்னும் படலையே?" என்று கேட்டுவிட்டு, நொண்டியபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று மாலையே இன்சூரன்சையும் ரோட் டேக்ஸையும் புதுப்பித்தேன். எந்தத் தண்டனையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசியது நான்தான் என்று நினைத்தாலே இன்றும் வெட்கமாக இருக்கிறது.