லூர்துசாமியைத் தலைவராக்கப் போன கதை

"முழுக்க உண்மைதான் சொல்லப்போறன்," என்று கூட்டத்தில் தொடங்கினேன். "இடையிலை கொஞ்சம் கூட்டுவன். அது என்ர குணம்."

எண்பத்தாறில், பாரிஸ் லா ஷப்பலில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் எங்கள் சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவுசெய்யக் கூடியிருந்தோம். நான் சொன்ன பெயர் லூர்துசாமி. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் கந்தோரில் ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த எங்களுக்கு வதிவிடக் கார்ட் எடுக்க, அதைக் கொடுக்கும் பிரெபெக்சர் அலுவலக வரிசையில் கூடவே நின்று மொழிபெயர்ப்பவர். அன்றைக்கு ஆசையோடு கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார்.

"வரிசையிலை நிண்டு நிண்டு அண்ணைக்குத் தாடி முழங்கால்மட்டும் வளந்திட்டுது. காவல்காரன் பாவம் பாத்து, 'உனக்கும் ஒரு கார்ட் தாறன், வீட்டை போ' எண்டவன்," என்று அவரைப் புகழ்ந்தேன்.

"தாடியெல்லாம் இல்லீங்க," என்று லூர்துசாமி வெட்கப்பட்டார்.

மடுத்தீன் எழும்பினான். "அண்ணை தலைவரானா விழா, கூட்டம் எண்டு திரிவார். வாற செவ்வாய் என்னோடை பிரெபெக்சருக்கு ஆர் வாறது?"

"உமக்குக் கார்ட் கிடைக்குமட்டும் அவர் தலைவராகக் கூடாதோ?" என்றாள் சுகிர்தம்.

"உமக்குக் கிடைச்சிட்டுது. நீர் கதைப்பீர்."

"நான் ரெண்டையும் பாத்துக்கறேன்," என்றார் லூர்துசாமி. அது யாருக்கும் கேட்கவில்லை. கார்ட் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் இரண்டு பக்கமாகக் கதிரைகளை இழுத்துப்போட்டுச் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.