உலு திராமில் நான் அடித்த அடி

என் ஆய்வு மேற்பார்வையாளர் தலையில் அடிபட்டுச் செத்தார். பல்கலைக்கழகத்து அறிவிப்பில் 'காலமானார்' என்று போட்டிருந்தார்கள். மூன்று வருடமாகியும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் அவரைத் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது சின்னவர், என்னை அக்கா என்பார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாற்பத்து மூன்று வயதில் முதுகலை படிக்கப் போனேன். பள்ளிகளில் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதைப் பற்றித்தான் என் ஆய்வு. முதல் சந்திப்பிலேயே டாக்டர் கேட்டார், "நீங்க அடிச்சிருக்கீங்களாக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்ததைச் சொன்னேன். வீட்டுப்பாடம் செய்யவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. டாக்டர் முகம் சுளிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "இத எழுதாம மத்தவங்களப் பத்தி மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

எழுதிக் கொடுத்த முதல் அத்தியாயத்தில் பாதியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'பொய்' என்று எழுதித் திருப்பித் தந்தார். கோபத்தில் ஒரு மாதம் நான் போனே எடுக்கவில்லை. வீடு தேடி வந்துவிட்டார். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா எழுதுறீங்கன்னுதான் அடிச்சேன் லா. மோசமா எழுதியிருந்தா அப்படியே விட்டிருப்பேன்" என்று சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் இருக்கும் உலு திராமுக்கு அவரே கார் ஓட்டிக்கொண்டு வருவார். கடைவரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் தின்ற கையைத் துடைத்துக்கொண்டே என் தாள்களைப் புரட்டுவார்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பேசி முடித்து வெளியே வந்தோம். டாக்டர் பையைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தார். பின்னாலிருந்து மோட்டார் வந்தது, இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் பையைப் பிடித்து இழுத்தான். பையை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று பிற்பாடு எல்லாரும் பேசினார்கள். அப்படியில்லை. வார் உடம்போடு மாட்டிக்கொண்டது, விட நினைத்தாலும் விட முடியாது. ஆறேழு கடை தூரம் இழுபட்டார். வார் அறுந்ததும் வாய்க்கால் ஓரத்து சிமெண்டில் தலை மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

மோட்டார் தடுமாறி, நின்றிருந்த வேனில் இடித்துச் சாய்ந்தது. ஓட்டியவன் ஓடிவிட்டான். மற்றவனைப் பக்கத்து ஒர்க்ஷாப் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் டாக்டரிடம் ஓடினேன். ஒரு மலாய் அம்மா அதற்குள் அவர் தலையை மடியில் வைத்து, தன் துணியால் ரத்தம் வழிந்த காதை அழுத்திக்கொண்டிருந்தார். டாக்டருக்குக் கண் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. திரும்பி, பிடிபட்டவனை நோக்கி ஓடினேன்.

பத்துப் பேர் அவனை மிதித்துக்கொண்டிருந்தார்கள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். தமிழ்ப் பையன்தான், "அம்மா, அம்மா" என்று கத்தினான். கீழே கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்தது கைக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தேன். கை வலிக்கவில்லை. நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் பிள்ளைகளை அடித்த கை, எங்கே அடித்தால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும்.

"அக்கா."

டாக்டரின் குரல் கேட்டது. அடித்தேன்.

"அக்கா."

அதுவும் கேட்டது. அவன் விலாவில் ஓர் உதை விட்டேன்.

"அக்கா, இங்க வாங்க."

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கீழே போட்டேன். திரும்பி வந்து கையைப் பிடித்தபோது டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். "இது யார் ரத்தம்?"

"அவனோடது."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான், நாய்."

கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸில், "என் கண்ணாடி எங்க?" என்று ஒரு தரம் கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

யார் அடித்தது என்று போலீசில் கேட்டார்கள். கூட்டம் என்றேன். பிடிபட்டவன் தாடை ஒடிந்து, பிறகு சிறைக்குப் போனான்.

டாக்டரின் ஊரான பத்து பாகாட்டில் நடந்த இறுதிச் சடங்கில் அவர் அம்மா என்னை அருகில் அழைத்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பம், பேச்சில் யாழ்ப்பாண வாடை இன்னும் போகவில்லை. "நீங்கதானே கிட்ட இருந்தனீங்க? பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?"

"பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேம்மா."

அந்தப் பொய்யோடுதான் வேறொரு மேற்பார்வையாளரிடம் ஆய்வை முடித்தேன். பைண்ட் செய்த பிரதியை எடுத்துக்கொண்டு போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லத் தொடங்கினேன். ஹெல்மெட் என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை அடி?"

"நாலஞ்சு இருக்கும்மா."

"பல்லு உடைஞ்சதோ? வடிவாச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "கொன்றிருக்க வேணும்" என்றார். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

"அப்ப டாக்டர் என்னைக் கூப்பிட்டாங்கம்மா. ரெண்டு தரம் கேட்டும் நான் போகல. மூணாவது தரம்..."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. எழுபத்தைந்து வயதுக் கை. காது அடைத்துக்கொண்டது. அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிரதியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீடு திரும்பும் வழியில் யோங் பெங் தாண்டுவதற்குள் போன் அடித்தது. காரை ஓரம் கட்டினேன். அம்மாதான்.

"மூன்றாந்தரம் கூப்பிடேக்க வந்தனீங்கதானே?"

"வந்தேம்மா."

"சரி. மெல்ல ஓட்டிக்கொண்டு போங்கோ."