விண்ணப்பத்தில் சின்னம்மா

சின்னம்மாவை டென்மார்க்குக்கு எடுப்பது என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு மிஞ்சிப்போனால் நூறு டேனிஷ் சொற்கள் தெரிந்திருக்கும். அதில் பாதி மீன்களின் பெயர்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எஸ்பியர்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை. அகதிகளாக வந்த எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இனி நெருங்கிய உறவை அழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே நான் பறக்கத் தொடங்கிவிட்டேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு தலை வாரி இழுத்துவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் எல்லாம் சின்னம்மாதான். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட, அறுபத்தொரு வயதில் யாழ்ப்பாணத்து வீட்டில் தனியாக இருந்தார். ஷெல் குண்டு விழத் தொடங்கிய காலம். ஒவ்வொரு கடிதத்திலும் "நான் சுகம்" என்று எழுதுவார். அந்தச் சுகத்தை நான் ஒரு நாளும் நம்பவில்லை.

அந்த வாரம்தான் டேனிஷ் வகுப்பில் உறவுமுறைப் பாடம் வந்தது. ஆங்கிலத்தில் எல்லாப் பெண்களையும் ஒரே ஆன்ட்டியாக்கிவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்: அம்மாவின் சகோதரி மோஸ்டர், அப்பாவின் சகோதரி ஃபாஸ்டர். நான் கதிரையை விட்டே எழும்பிக் கை தட்டிவிட்டேன். இந்தக் குளிர் நாட்டுச் சனத்துக்கும் சின்னம்மா வேறு, மாமி வேறு என்று தெரிந்திருக்கிறதே! ஆசிரியைக்கு நான் ஏன் கை தட்டினேன் என்று விளங்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடவேண்டும் போல இருந்தது.

விண்ணப்பத்தில் "உறவு" என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: மோஸ்டர்.

வீட்டுக்காரர் தேத்தண்ணிக்குச் சீனி போடவே யோசிக்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இஞ்சரும், அம்மா எண்டு எழுதினா என்ன?" என்றார்.

"முதல் விசாரணையிலையே அம்மா செத்துப்போனா எண்டு சொல்லியிருக்கிறன். இப்ப செத்தவவை உயிரோடை காட்டச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். வாதத்தில் வென்ற சந்தோசத்தில் நானே போய்த் தபாலில் போட்டேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மோஸ்டர் என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருந்த அதே நாடு, மோஸ்டர் நெருங்கிய உறவு இல்லை என்று எழுதியிருந்தது. அறுபது தாண்டிய பெற்றோர் என்றால் எடுக்கலாமாம். பெற்றோரின் சகோதர சகோதரிகளை எடுக்க முடியாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று தொழிற்சாலையில் எத்தனை மீன்தலை பறந்தது என்று கேட்கக்கூடாது. கோபம் அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. இனி அந்த வீட்டில் ஷெல் விழுந்தால் சின்னம்மாவைத் தூக்கக்கூட ஆளில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு, அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு டேனிஷ் பெண்ணிடம் போனேன். தெரிந்த டேனிஷ், தெரிந்த ஆங்கிலம், இரண்டு கை எல்லாவற்றாலும் கதைத்தேன். அவர் பொறுமையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். உங்கள் மோஸ்டர் எங்கே இருந்தார்? எங்கள் வீட்டில். எவ்வளவு காலம்? எனக்கு ஏழு வயதிலிருந்து. அவருக்குச் சொந்த வீடு இல்லையா, ஏன் உங்கள் அப்பாவின் வீட்டில் இருந்தார்?

இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "அப்பாவைக் கலியாணம் கட்டினவ, பிறகு எங்கே இருப்பா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியென்றால் அவர் உங்கள் ஸ்டெட்மோர் இல்லையா?"

ஸ்டெட்மோர். மாற்றாந்தாய். அந்தச் சொல்லை நான் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தடவைகூட வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில், பிள்ளையை விட்டுவிட்டு மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்டி வைப்பது வழக்கம். அம்மாவின் தங்கையும் சின்னம்மா, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சின்னம்மா. அதனால் கலியாணம் நடந்த அன்று எனக்குப் பெயர் மாற்றிக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு உறவு இருந்தது. நான் பாதியைத்தான் டேனிஷில் எழுதியிருந்தேன். அந்தப் பெண் சிரிக்க, நானும் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தேன். உறுதி சொல்ல முடியாது, ஆனால் வளர்த்த மாற்றாந்தாய் என்று திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்றார்.

கலியாணப் பதிவை அனுப்பச் சொல்லிச் சின்னம்மாவுக்கு எழுதினேன். பதிவு வந்தது. புது விண்ணப்பம் போனது. ஐந்து மாதம் தபால்காரரை நான் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அனுமதி வந்த அன்று கடிதத்தைக் கொண்டு தொழிற்சாலைக்கே போய், றப்பர் சப்பாத்தோடு நின்ற வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தேன். இத்தனை பேருக்கு முன்னால் என்று அவர் வெட்கப்பட்டார். ஆனால் அவரும் பிடியை விடவில்லை.

அவருக்கு லீவு கிடைக்காததால் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நான் மட்டும் ஒரு தடித்த கோட்டோடு போனேன். விமானத்தில் வந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சின்னம்மா வரவில்லை. கோட்டைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பொலிஸ்காரர் வந்து என் பெயரைக் கூப்பிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

சின்னம்மா ஒரு நீள மர வாங்கில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பொலிஸ்காரருக்கு முகம் மலரவில்லை. இவரை யார் அழைத்தது என்று தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்களாம். சின்னம்மா "அக்கான்ர மோள்" என்று சொல்லியிருக்கிறார். கடதாசியில் மாற்றாந்தாய் என்று இருக்கிறது, எது பொய் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

இத்தனை தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? மோஸ்டர், ஸ்டெட்மோர், இரண்டும் உண்மை, ஒரே ஆள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கலியாணப் பதிவின் பிரதியை விரித்துக் காட்டினேன். அவர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். "இரண்டுமா?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் கோட்டைப் போட்டுவிட்டு, கட்டிப்பிடித்து, அழுது, சிரித்து முடித்தோம். பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் சின்னம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? மகள் எண்டு சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்கள்."

"அக்கா பெத்த பிள்ளையை என்ர எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார். "அவ இல்லாத இடத்திலை, அவவின்ர இடத்தை நான் எடுக்கேலுமோ?"

முப்பது வருடமாக அவர் என்னை மகள் என்று யாரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பிள்ளை" என்பார், "அக்கான்ர மோள்" என்பார். நான் அதைக் கவனித்ததே இல்லை.

"உண்மையைச் சொல்லு பிள்ளை, நான் அப்பிடிச் சொன்னதுக்கு என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் சின்னம்மா. அனுப்பியிருப்பாங்கள்."

எஸ்பியர்க் ரயிலில் அவரை ஜன்னலோரம் இருத்தினேன். வீட்டில் சோறும் மீன்குழம்பும் காத்திருக்கிறது, ரயில் கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கப் போகிறது என்றெல்லாம் நான் வாய் ஓயாமல் அலம்பிக்கொண்டு வந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். பெட்டிக் கதவு திறந்தது. தொப்பியும் சீருடையுமாக டிக்கெட் பரிசோதகர் வந்து நின்று, டேனிஷில் ஏதோ கேட்டார். நான் பையைத் துழாவினேன்.

அதற்குள் சின்னம்மா எழும்பி நின்றுவிட்டார். ஓடும் ரயிலில் ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளை இறுக்கிப் பிடித்தார். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, அந்த மனிதரிடம் உரக்கச் சொன்னார்:

"மகள்! இது என்ர மகள்!"