மொய்னோக்கின் தலையில் ஒரு வாளி

புரூலுக்குக் கோபம் வந்தால் ரொட்டி மாவு அடி வாங்கும். நாரின் மலையடிவாரத்து வீட்டில் அந்த வசந்தத்தில் மாவு வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

மந்தைக்குக் காவல் கிடக்கும் நாய் மொய்னோக்கின் பின்னங்காலில் பட்டாணி அளவு கட்டி ஒன்று கிளம்பியது. "உண்ணி கடிச்சிருக்கும், விடு" என்றான் புருஷன் தோரோன்பெக். "ஆட்டு வால் கொழுப்பைத் தடவும்மா, கரைஞ்சிடும்" என்றார் அவன் அண்ணன். தடவினாள். கோழிமுட்டை அளவுக்கு வளர்ந்து சீழ் கசிந்தது. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று இரண்டு மாதம் கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் நாயை அவளே ஏற்றிக்கொண்டு போனாள்.

கால்நடை மருத்துவர் சோல்போன் கட்டியை வேரோடு அறுத்தெடுத்துப் பதினொரு தையல் போட்டாள். "ரெண்டு வாரம் நக்கவே விடக்கூடாது அக்கா." நக்காமல் தடுக்க அந்தப் பெரிய தலைக்கு மாட்டும் கூம்பு எதுவும் மருத்துவரிடம் இல்லை. புரூல் நீல வாளி ஒன்றின் அடியை வெட்டி நாயின் கழுத்தில் மாட்டினாள்.

ஆறு நாள் நன்றாகப் போனது. ஏழாம் நாள் அண்ணன் விருந்துக்கு வந்தார். ஆடு அறுத்தார்கள். தின்று முடித்தவர் எலும்பு ஒன்றை நாய்க்கு வீசினார். வாளி தரையில் இடித்ததே தவிர, வாய்க்கு எலும்பு எட்டவில்லை.

"ஏன்டா, விருந்து வீட்டுல நாய் பட்டினியா? ஊர் காறித் துப்பும்! கழட்டுடா அந்தக் கருமத்தை. நாய்க்கு அதோட நாக்குதான் வைத்தியன்."

அண்ணன் பேச்சைத் தம்பி தட்டுவதில்லை. கழற்றினான். புரூல் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் பாதித் தையல் போய்விட்டது.

"கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?"

"அண்ணன் சொன்னாரு..."

"ஆத்துல குதின்னு சொன்னா குதிப்பீங்களா?"

சோல்போன் திட்டிக்கொண்டே மறுபடி தைத்தாள். "இன்னொரு தடவை பிரிஞ்சா இழுத்துத் தைக்கத் தோல் இல்ல அக்கா. காலைத்தான் எடுக்கணும்." மூன்று காலோடு ஒரு நாய் ஓநாய்க்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? வழியெல்லாம் ஆத்திரத்தில் அழுதுகொண்டே வந்தாள் புரூல்.

நாய் நுழைந்த வீட்டில் வானவர் நுழையமாட்டார் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் வாளியை மறுபடி மாட்டி, தன் கண்ணெதிரே இருக்கட்டும் என்று மொய்னோக்கை நேராக உள்ளே கூட்டிப்போய் அடுப்போரம் படுக்க வைத்தாள். தோரோன்பெக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விறகு எடுக்கப் போனான்.

ஒன்பது நாள் கழித்து அண்ணன் மறுபடி வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "வீட்டுக்குள்ள நாயா? வானவர் வரமாட்டாங்கம்மா!"

"வராட்டிப் போறாங்க அத்தான். நீங்க வந்த அன்னிக்குத்தான் தையல் பிரிஞ்சுது."

இருபது வருஷமாக அவர் பெயரைக்கூட வாயால் சொல்லாதவள், இதைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் சிவந்தது.

"தோரோன்பெக்! ஒண்ணு அது உள்ள இருக்கட்டும், இல்ல நான் வர்றேன். எது, சொல்லு."

தோரோன்பெக் அண்ணனைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த கம்பளத்தை எடுத்துப்போய் முற்றத்தில் விரித்தான்.

"இங்க உக்காருங்கண்ணே. டீ இங்கேயே வரும்."

அண்ணன் குளிரில் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார். ஐந்து நாள் கழித்து சோல்போன் தையல் பிரித்தபோது தோல் ஒட்டியிருந்தது. நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தோரோன்பெக்.