நாற்பத்தொரு வீட்டின் மனு

கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் டான்யா. செண்டாயானில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கணினி நிறுவனத்தில் இணையப் பக்கங்கள் எழுதும் வேலை அவளுக்கு. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் அறுபத்து மூன்று குடும்பங்களுக்கும் மாற்று வீடு என்றார்கள். மனுப் போடும் பக்கத்தைச் செய்யும் வேலை அவள் நிறுவனத்துக்கே வந்தது. அவள்தான் எழுதினாள்.

பெயர், ஐசி எனும் அடையாள அட்டையின் எண், அதன் படம். பொத்தானைத் தட்டினால் எல்லாம் சேர்வருக்குப் போகும், திரையில் பச்சைக் குறி விழும். சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், அவரவர் கைத்தொலைபேசியிலேயே நிரப்பிக் கொடுத்தாள். பச்சை விழுந்ததும் அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

கெடு முடிந்த திங்கட்கிழமை பட்டியலைத் திறந்தாள். இருபத்திரண்டு பெயர்கள்தான் இருந்தன. அப்பா பேட்ரிக்கின் பெயரும் அதில் ஒன்று.

மதியத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. புதிய கைத்தொலைபேசிகளின் படங்கள் பெரியவை; பழையவற்றின் சிறிய படங்கள் மட்டும் போயிருந்தன. பெரியவற்றைச் சேர்வர் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தது. ஆனால் அது என்ன பதில் சொன்னது என்று அவள் எழுதிய பக்கம் பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு பதில் வந்தால் போதும், பச்சை காட்டிவிடும். அப்பாவின் மனுவை மட்டும் அலுவலகக் கணினியில், படத்தைச் சிறிதாக்கி அனுப்பியிருந்தாள்.

முதலாளி புனிதனிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"கெடு முடிஞ்சிருச்சு. அவங்க சரியா அமுக்கலன்னு சொல்லிரு. நம்ம தப்புன்னு வெளிய போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்லா."

"எல்லாம் எங்க லயத்து ஆளுங்க, போஸ்."

"அதான் சொல்றேன். உங்கப்பா பேரு உள்ள இருக்கு. வாயத் தொறந்தா முதல்ல உன்னத்தான் கேப்பாங்க."

அது உண்மை.  பேசினால் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டவள் என்பார்கள். பேசாவிட்டால் நாற்பத்தொரு குடும்பம் தெருவில் நிற்கும். ஒவ்வொரு மாலையும் மோட்டார் சைக்கிளை லயத்து முனையிலேயே அணைத்துச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்படியும் மூன்றாம் வீட்டு வள்ளியம்மா எட்டிப் பார்த்துவிடுவார்.

"டான்யாம்மா, பேரு எப்ப வரும்? மகன் லுக்குட்டுல வீடு பாக்கவான்னு கேக்குறான். வேணாம், நம்ம பிள்ள எழுதிருக்குன்னு சொல்லிட்டேன்."

"வரும் அன்ட்டி." ஐந்து நாள் அதே பதில். ஆறாம் நாள் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வள்ளியம்மா வாசற்படிக்கு இறங்கி வந்தார். "உங்கப்பா பேரு எப்படிம்மா போச்சு?"

சொன்னாள். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. "ஒரு வாரமாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியது. அப்பாவோடு கோப்பி குடிக்க யாரும் வரவில்லை.

டான்யா நின்றுவிடவில்லை. சேர்வர் திருப்பி அனுப்பிய ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தது. அதை அச்செடுத்தாள். வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குறிப் படங்களைக் கேட்டாள். சிலர் முகத்துக்கு நேரே கதவை அடைத்தார்கள், சிலர் பேசாமல் தொலைபேசியை நீட்டினார்கள். நேரத்துக்கு நேரம் பொருத்தி, தவறு தன்னுடையது என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, வீடமைப்பு அலுவலகத்தில் கொடுத்தாள்.

புனிதன் கத்தினார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பக்கத்தைச் சரிசெய்ய வேறு ஆள் இல்லை. "நீ செஞ்ச குப்பய நீயே அள்ளு" என்றார்.

மூன்று வாரம் கழித்து அலுவலகம் மனுக்களை ஏற்றது. ஆனால் அந்த நாற்பத்தொரு பேருக்கும் இரண்டாம் கட்ட வீடுகள்தான், ஒன்றரை வருடம் தள்ளி. அதுவரை அதே லயம். முதல் பட்டியலில் இருந்தவர்களுக்கு இப்போதே வீடு.

"நாம இப்பப் போக வேணாம்ப்பா" என்றாள் டான்யா.

"போகலன்னா பட்டியல்லேருந்து எடுத்துருவாங்க. அந்த வீடு அவங்களுக்கும் போகாதும்மா" என்றார் பேட்ரிக்.

சாமான் ஏற்றிய லாரி கிளம்பியபோது வள்ளியம்மா வெளியே வந்தார். டான்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்க தண்ணி ஒழுங்கா வருதான்னு பாத்துச் சொல்லு" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, பழைய ஒட்டுதலும் இல்லை.

"சரி அன்ட்டி."

லாரி லயத்து முனையில் திரும்பி மறையும்வரை அவர் உள்ளே போகவில்லை.